ஜிடிஎக்ஸ் 1650-ஆ, ஆர்எக்ஸ் 6400-ஆ? முதலில் உங்கள் மதர்போர்டைப் பாருங்கள்

பழைய கம்ப்யூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று கடைக்குப் போகிறவர்களிடம் இரண்டு பெயர்கள் அடிக்கடி சொல்லப்படும். ஒன்று என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650. இன்னொன்று ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400. இரண்டிலும் 4 ஜிபி நினைவகம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் இழுக்காமல், மதர்போர்டு ஸ்லாட்டில் வரும் மின்சாரத்திலேயே ஓடும் வகை. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அறிமுகமானபோது 1650-க்கு 149 டாலர், 6400-க்கு 159 டாலர்.

1650 வந்தது 2019 ஏப்ரலில். 6400 கடைகளில் தனியாக விற்பனைக்கு வந்தது 2022 ஏப்ரலில். மூன்று வருடம் புதியது, மின்சாரமும் குறைவு, அப்படியானால் 6400தான் நல்லது என்று யாருக்கும் தோன்றும். புது மதர்போர்டு வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் இந்த விலையில் கார்டு தேடுகிறவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது புது மதர்போர்டு அல்ல. நான்காம் தலைமுறை ஐ5, ஆறாம் தலைமுறை ஐ3, அலுவலகம் கழித்துக் கட்டியதைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய டெல் அல்லது எச்பி பெட்டி, இப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு 6400 ஏமாற்றம் தரும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கார்டின் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்காது.

முதலில் இரண்டின் உள்ளமைப்பு. 1650-இல் இருப்பது டியூரிங் வகையைச் சேர்ந்த டியு117 என்ற சிப். 12 நானோமீட்டர் முறையில் தயாரானது, 896 கணிப்பு மையங்கள். நினைவகத்துக்கும் சிப்புக்கும் நடுவே 128 பிட் அகலத் தொடர்பு. நொடிக்கு 128 ஜிபி தரவு போய்வரும். 6400-இல் இருப்பது நவி 24. 6 நானோமீட்டர், 768 மையங்கள். எண்ணிக்கை குறைவு என்றாலும் வேகம் அதிகம்: உச்சத்தில் 2,300 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும், 1650-இன் முதல் பதிப்போ 1,665-ஐ ஒட்டியே நிற்கும். 6400-இன் நினைவகத் தொடர்பு பாதி அகலம்தான், 64 பிட். ஆனால் நினைவகம் புதிய ஜிடிடிஆர்6 வகை, இரு மடங்கு வேகம். அதனால் கடைசியில் அதே 128 ஜிபிதான் வருகிறது. இதோடு 16 எம்பி உள் நினைவகம் ஒன்றையும் ஏஎம்டி சிப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் தரவு அதில் கிடைத்துவிடுவதால் வெளியே போகும் வேலை குறைகிறது.

புது மதர்போர்டில் இரண்டையும் மாட்டி ஆட்டங்களை ஓட்டினால் 6400 சற்று முன்னால் நிற்கும், அல்லது இரண்டும் சமமாக இருக்கும். 1080பி திரையில் ஜிடிஏ 5, வேலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்றவை இரண்டிலும் வசதியாக ஓடும். சைபர்பங்க் 2077 போன்ற கனமான ஆட்டங்களில் செட்டிங்ஸைக் குறைத்தே ஆக வேண்டும். 6400-இல் ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் காட்டும்) வசதி இருப்பதாகப் பட்டியலில் எழுதியிருப்பார்கள். இருப்பது உண்மை. இந்த அளவு பலத்தில் அதை இயக்கினால் ஆட்டம் ஊர்ந்துதான் போகும். அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

இனி ஸ்லாட்டுக்கு வருவோம். கிராஃபிக்ஸ் கார்டு மாட்டும் நீள ஸ்லாட்டில் 16 பாதைகள் உண்டு. பிராசசருக்கும் கார்டுக்கும் நடுவே தரவு இவற்றின் வழியாகப் போய்வருகிறது. 1650 அந்த 16 பாதைகளையும் பயன்படுத்தும். 6400-உம் அதே நீள ஸ்லாட்டில்தான் உட்காரும், ஆனால் பயன்படுத்துவது 4 பாதைகளை மட்டும். மீதி 12 பாதைகள் சும்மா கிடக்கும். கார்டைக் கையில் எடுத்துத் தங்க நிற விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் சில மாடல்களில் இது கண்ணுக்கே தெரியும்: முன்பகுதியில் மட்டும் தொடுபட்டைகள் முழுமையாக இருக்கும், பின்பகுதி வெறும் பலகை.

நான்கு பாதை போதுமா என்பது, ஒவ்வொரு பாதையும் எவ்வளவு கடத்துகிறது என்பதைப் பொறுத்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இந்த ஸ்லாட்டின் 4.0 பதிப்பில் நான்கு பாதை சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி கடத்தும். 3.0-இல் அது 4 ஜிபி. இரண்டாம் தலைமுறை கோர் பிராசசர்களோடு வந்த பழைய 2.0-இல் வெறும் 2 ஜிபி. 1650-க்கோ 3.0 ஸ்லாட்டிலேயே ஏறத்தாழ 16 ஜிபி கிடைத்துவிடுகிறது. ஒரே பழைய மதர்போர்டில் ஒரு கார்டுக்கு 16, இன்னொன்றுக்கு 4.

இந்த வித்தியாசம் எப்போது உறைக்கும்? சமையல் மேடையில் இடம் இருக்கும்வரை சரக்கறைக் கதவு எவ்வளவு குறுகலாக இருந்தாலும் சமையல்காரருக்குக் கவலையில்லை. மேடை நிறைந்துபோய், ஒவ்வொரு பொருளுக்கும் சரக்கறைக்கு ஓட வேண்டி வந்தால்தான் கதவின் அகலம் முக்கியமாகிறது. கார்டின் 4 ஜிபி அந்த மேடை. இன்றைய ஆட்டங்கள் பல அதை எளிதில் நிரப்பிவிடுகின்றன. நிரம்பியதும், மிஞ்சிய படத்தரவுகள் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமுக்குப் போகும். தேவைப்படும்போதெல்லாம் ஸ்லாட் வழியாகத் திரும்பி வர வேண்டும். 4 ஜிபி கொண்ட கார்டில்தான் பாதை அகலம் அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் இங்கே பாதையைச் சுருக்கியதும் அதே 4 ஜிபி கார்டில்தான்.

பழைய 3.0 மதர்போர்டில் 6400 தன் வேகத்தில் சராசரியாகப் பத்து சதவீதமோ அதற்கு மேலோ இழக்கிறது. சராசரி என்பதால் இது சிறியதாகத் தெரியும். டூம் எடர்னல் மாதிரி நினைவகத்தை நிறையத் தின்னும் ஆட்டங்களில் இழப்பு பல மடங்கு. ஃபிரேம் எண்ணிக்கை குறைவதைவிட மோசமானது இன்னொன்று: ஆட்டம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீர் திடீரென்று அரை நொடி நின்று நின்று போகும். விளையாடுகிறவர்களுக்குத் தெரியும், சீராக ஓடும் 45 ஃபிரேம், விக்கி விக்கி வரும் 60-ஐவிட நிம்மதி. 3.0 மதர்போர்டில் 1650 தெளிவாக முன்னால் போய்விடுகிறது.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஜிபியுவைச் சொடுக்குங்கள். கீழே இரண்டு வரைபடங்கள் ஓடும். ஒன்று கார்டின் சொந்த நினைவகம், மற்றது ரேமிலிருந்து கடன் வாங்கிய பங்கு நினைவகம். ஆட்டம் ஓடும்போது முதல் கோடு 4 ஜிபி விளிம்பைத் தொட்டு, இரண்டாவது கோடு மேலே ஏறத் தொடங்கினால், அந்த நொடியிலிருந்துதான் தடுமாற்றம் ஆரம்பிக்கும். டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி குறைத்தால் இரண்டாவது கோடு இறங்குவதும், ஆட்டம் சீராவதும் அப்படியே தெரியும். ஏற்கெனவே 6400 வாங்கிவிட்டவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான். நிழலையோ வெளிச்சத்தையோ குறைப்பதற்கு முன் டெக்ஸ்சரைக் குறையுங்கள்.

ஏஎம்டி ஏன் இப்படிச் செய்தது? நவி 24 முதலில் லேப்டாப்பை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்ட சிப். புது லேப்டாப்பில் 4.0 இணைப்பு இருக்கும். நான்கு பாதை போதும், மின்சாரமும் மிச்சம். வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் என்கோடரையும் அதில் வைக்கவில்லை, ஏனென்றால் லேப்டாப் பிராசசருக்குள்ளேயே ஒன்று இருக்கும். எல்லாவற்றையும் வெட்டி எடுத்ததில் சிப்பின் பரப்பு 107 சதுர மில்லிமீட்டராகச் சுருங்கியது. 1650-இன் சிப் 200. லேப்டாப்புக்கு இது கெட்டிக்கார வடிவமைப்பு. அதை அப்படியே டெஸ்க்டாப் கார்டாக்கி, பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு விற்றதுதான் தவறு. விலை குறைந்த கார்டை வாங்குகிறவரிடம்தான் பழைய மதர்போர்டு இருக்கும் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாத விஷயம் அல்ல.

உங்கள் மதர்போர்டு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்டெல்லில் நான்காம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறை வரை பெரும்பாலும் 3.0. பதினோராம் தலைமுறை பிராசசர், அதற்கேற்ற 500 வரிசை போர்டு, அதிலிருந்து 4.0. ஏஎம்டி ரைசனில் பி450 போர்டுகள் 3.0, பி550 போர்டுகள் 4.0. இதில் ஒரு பொறி உண்டு. ரைசன் 5 5600ஜி, ரைசன் 5 5500 ஆகிய பிராசசர்கள் பி550 போர்டில் மாட்டினாலும் 3.0 வேகத்துக்கு மேல் போகாது. நம் ஊரில் அசெம்பிள் செய்து தரும் கம்ப்யூட்டர்களில் இந்த இரண்டும் நிறையப் போயிருக்கின்றன. போர்டின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம்.

கார்டை மாட்டிய பிறகு உறுதிசெய்ய ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியில், கார்டு தாங்கும் வேகம் முதலிலும், இப்போது உண்மையில் ஓடும் வேகம் அதற்குப் பிறகும் காட்டப்படும். 6400-ஐப் பழைய போர்டில் மாட்டியிருந்தால் முதலில் 4.0, பிறகு 3.0 என்று வரும். சும்மா இருக்கும்போது அங்கே 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம். மின்சாரம் மிச்சப்படுத்த கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டால் சரியான எண் வரும்.

என்கோடர் இல்லை என்று மேலே சொன்னேன். ஆட்டம் மட்டும் ஆடுகிறவருக்கு இது பொருட்டல்ல. யூடியூபுக்கு வீடியோ போடுகிறவர், ஆட்டத்தை நேரலையில் காட்டுகிறவர், ஓபிஎஸ் என்ற மென்பொருளில் பாடம் பதிவு செய்யும் ஆசிரியர், இவர்களுக்கு இது பெரிய குறை. 1650-இல் பதிவு செய்யும் வேலையை என்கோடர் என்ற தனிப் பகுதி பார்த்துக்கொள்ளும். பிராசசருக்குச் சுமை ஏறாது. (முதல் பதிப்பில் உள்ளது ஒரு தலைமுறை பழைய என்கோடர். 1080பி பதிவுக்கு அது தாராளம்.) 6400-இல் அந்த வேலை முழுக்க பிராசசர் தலையில் விழும். இன்டெல் பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் இருந்தால் பயாஸில் அதை இயக்கி வைத்து, அதன் என்கோடரைப் பயன்படுத்தித் தப்பித்துக்கொள்ளலாம். 10400எஃப், 12100எஃப் என்று எஃப் எழுத்தில் முடியும் பிராசசர்களில் அந்த வழியும் அடைபட்டிருக்கும். ரைசன் 3600, 5500, 5600 ஆகியவற்றிலும் அப்படியே.

பார்ப்பதற்கு என்று வந்தால் இரண்டும் ஒரே நிலைதான். ஏவி1 முறையில் சுருக்கப்பட்ட வீடியோவை விரிக்கும் வசதி இரண்டிலும் இல்லை. யூடியூப் அந்த முறையில் அனுப்பும் வீடியோக்களைப் பிராசசர்தான் விரிக்க வேண்டும். வெறும் படம் பார்க்க, எக்செல் போட, டேலி ஓட்ட என்றால் இந்த இரண்டில் எதுவும் தேவையில்லை. பிராசசரோடு வரும் கிராஃபிக்ஸே போதும். அந்தப் பணத்தில் எஸ்எஸ்டியும் இன்னொரு 8 ஜிபி ரேமும் போட்டால் கம்ப்யூட்டரின் வேகம் நிஜமாகவே மாறும்.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரக் கற்றல் படிக்கும் பிள்ளைகள் பாடத்தில் வரும் உதாரணங்களை ஓட்டிப் பார்க்க என்விடியாவின் கூடா (CUDA) என்ற மென்பொருள் தளம் வேண்டும். 4 ஜிபியில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்றாலும், அடிப்படைப் பயிற்சிக்கு 1650 கைகொடுக்கும். 6400-இல் விண்டோஸ் வைத்துக்கொண்டு அதே பாடங்களைச் செய்ய முயல்வது வீண் தலைவலி. டிரைவர் என்று வந்தால் மட்டும் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு 6400 எளிது: ஏஎம்டி டிரைவர் லினக்ஸோடு கூடவே வருகிறது, கார்டை மாட்டியதும் வேலை செய்யும்.

6400 வெல்லும் இடம் ஒன்று உண்டு, அது சிறிய இடமும் அல்ல. அலுவலகங்களில் வைத்திருக்கும் ஒல்லியான டெஸ்க்டாப் பெட்டிகளில் சாதாரண உயரக் கார்டு நுழையாது. பாதி உயரக் கார்டுதான் வேண்டும். 1650-இலும் பாதி உயர மாடல்கள் உண்டு, ஆனால் அவை இரண்டு ஸ்லாட் தடிமன். ஸ்லாட்டுக்குப் பக்கத்திலேயே எஸ்எம்பிஎஸ் உட்கார்ந்திருக்கும் பெட்டிகளில் அந்தத் தடிமனுக்கு இடமிருக்காது. 6400-இல் ஒரே ஸ்லாட் தடிமனில், பாதி உயரத்தில் கார்டுகள் கிடைக்கின்றன. மின்சாரமும் 53 வாட், 1650-க்கு 75. 240, 255 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோடு வரும் பெட்டியில் இந்த வித்தியாசம் முக்கியம். அதிலும் சில சிறு பெட்டிகளின் கையேட்டில், ஸ்லாட் தரும் மின்சாரத்துக்கு 75 வாட்டைவிடக் குறைந்த வரம்பே எழுதியிருக்கும். அப்படிப்பட்ட பெட்டியை வைத்திருப்பவர், மேலே சொன்ன பத்து சதவீத இழப்போடும்கூட, 6400-ஐ வாங்குவதே சரி. உள்ளே நுழையாத கார்டு எத்தனை வேகமாக இருந்து என்ன?

வாங்குமுன் மானிட்டரையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 6400-இல் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்பிளே போர்ட், அவ்வளவுதான். 1650-இல் பெரும்பாலும் மூன்று இணைப்புகள், பல மாடல்களில் டிவிஐயும் உண்டு. நீல நிற விஜிஏ வயர் இரண்டிலும் மாட்டாது. பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றித் தரும் கன்வர்ட்டர் ஒன்றும் வாங்க வேண்டிவரும்.

1650 வாங்குகிறவர்கள் பெயரில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2019-இல் வந்த முதல் பதிப்பில் ஜிடிடிஆர்5 நினைவகம். 2020-இல் அதே பெயரில் ஜிடிடிஆர்6 பதிப்பு வந்தது. அதன் நினைவக வேகம் நொடிக்கு 192 ஜிபி. சிப்பின் வேகம் சற்றுக் குறைக்கப்பட்டிருந்தாலும் மொத்தத்தில் அதுவே மேல். கார்டின் பெயரில் பெரும்பாலும் டி6 என்று இருக்கும். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் டி6-ஐ எடுங்கள். 1650 சூப்பர் என்பது முற்றிலும் வேறு கார்டு. 1,280 மையங்கள், 100 வாட், தனி மின்வயர் வேண்டும். வேகமும் அதற்கேற்ப அதிகம். 1650 டிஐ லேப்டாப்பில் மட்டும்தான் வந்தது. டெஸ்க்டாப்புக்கு 1650 டிஐ என்று யாராவது விற்றால் அந்தக் கடையில் நிற்க வேண்டாம். சாதாரண 1650-இலேயே சில மாடல்களில் ஆறு முனை மின்வயர் குத்தும் இடம் வைத்திருப்பார்கள். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

பழைய சந்தையில் 1650 நிறையக் கிடைக்கிறது. கிரிப்டோ சுரங்க வேலையில் வாட்டி எடுத்த கார்டாக இருக்குமோ என்று பலர் பயப்படுகிறார்கள். 2020 முடியும் தறுவாயிலேயே எதீரியம் சுரங்க வேலை 4 ஜிபி கார்டில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது, அதனால் இந்தக் கார்டுகளில் அந்த ஆபத்து குறைவு. பெரிய ஆபத்து போலி. வேறு ஏதோ பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி, புதுக் கார்டின் பெயரை ஒட்டி விற்கிறார்கள். ஜிபியு-இசட் இவற்றில் பலவற்றைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும். காசைக் கொடுக்கும் முன் கடையிலேயே அந்த மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் கம்ப்யூட்டர் பெட்டியையே தூக்கிக்கொண்டு போங்கள். மிகப் பழைய பயாஸ் உள்ள போர்டில் புதுக் கார்டு படமே காட்டாமல் போவதும் உண்டு. அது வீட்டுக்கு வந்து தெரிவதைவிடக் கடையில் தெரிவது நல்லது.

புதிதாகவே வாங்குவதென்றால் மூன்றாவது பெயர் ஒன்றையும் கேட்டுப் பாருங்கள்: ஆர்டிஎக்ஸ் 3050, அதில் 6 ஜிபி பதிப்பு. 2024 பிப்ரவரியில் 169 டாலருக்கு வந்தது. 70 வாட், தனி வயர் வேண்டாம், எட்டுப் பாதை, ஏவி1 விரிக்கும் வசதி, என்கோடர், ஃபிரேம் எண்ணிக்கையை உயர்த்த உதவும் டிஎல்எஸ்எஸ் எல்லாம் உண்டு. பாதி உயர மாடலும் வந்திருக்கிறது. கூடுதல் 2 ஜிபி நினைவகம் ஒன்றே, மேலே சொன்ன தடுமாற்றத்தில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். பட்ஜெட் கொஞ்சம் நீளும் என்றால் இந்த இரண்டையும் தாண்டி அதற்குப் போவதே புத்திசாலித்தனம்.

நீளாது என்றால்: 3.0 மதர்போர்டும் சாதாரண அளவுப் பெட்டியும் உள்ளவர்கள் 1650, அதிலும் டி6 பதிப்பு. ஒல்லியான அலுவலகப் பெட்டி உள்ளவர்கள் ஒரு ஸ்லாட் தடிமனுள்ள 6400. புது 4.0 போர்டு உள்ளவர்கள், வீடியோ பதிவு செய்யாதவர்களாக இருந்தால், எது மலிவோ அது. இரண்டாம் தலைமுறை கோர் பிராசசரில் 6400-ஐ மட்டும் யார் சொன்னாலும் மாட்டாதீர்கள். எதை வாங்கினாலும் பில்லில் கார்டின் முழு மாடல் எண்ணையும் நினைவக வகையையும் எழுதி வாங்குங்கள். வாரண்டிக்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.